ஓடிபி வந்திருக்கும்

வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசாத புருஷன் கதிரவேலு, அன்று சாயங்காலம் போன் செய்தான். தோசைக்கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தாள் பூங்கோதை.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

நல்லா இருக்கியா என்றுகூட இல்லை. புது டிவி வாங்கியிருக்கிறானாம். படம் பார்க்கிற ஆப் இவள் நம்பரில் இருப்பதால் ஓடிபி இங்கேதான் வருமாம். பின்னால் ஒரு பெண் குரல், "மாமா, இன்னும் வரலையா?" என்று கொஞ்சியது. பூங்கோதைக்கு உச்சந்தலை எரிந்தது.

"இங்க படம் சுத்திக்கிட்டே நிக்கறப்பல்லாம் பிளக்கைப் பிடுங்கி மாட்டி, வைஃபையை அணைச்சுப் போட்டு, சரி பண்ணிக் குடுத்தது நான்தானே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? டைம் போகுது, சொல்லு."

வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னாள். தப்பு என்று வந்ததாம். அடுத்த ஓடிபி வந்து விழுந்தது. அதற்கும் வேறொன்றைச் சொன்னாள்.

"பாத்துச் சொல்லித் தொலை. கண்ணு தெரியலையா?"

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க', 'வாங்க' என்பதைத் தவிர அவனிடம் அவள் வாயில் வேறு வந்ததில்லை.

"இப்பத்தான்டா நல்லாத் தெரியுது."

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

"என்ன... என்ன சொன்னே?"

"டா. ஒரே எழுத்துதான். அடிச்சுப் பாரு, திறக்குதான்னு."