ஓட்டை உள்ள உருண்டை

கேட் விழுந்ததும் சரக்கு ரயில் வந்துவிட்டது.

குரோம்பேட்டை ரயில்வே கேட்டின் இந்தப் பக்கம் சுந்தரவல்லி. அந்தப் பக்கம் அவள் புருஷன் முனிரத்தினத்தின் காயலாங்கடை.

பெட்டிகளின் இடைவெளியில் கடைவாசல் தெரிந்து தெரிந்து மறைந்தது. முனிரத்தினம் சம்மட்டியை ஓங்கிக்கொண்டிருந்தான். காலடியில் ஓர் இரும்பு உருண்டை.

பல்லாவரத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்ததாம். பரங்கிமலையில் வெள்ளைக்காரன் பீரங்கிப் படை வைத்திருந்த காலத்துச் சரக்கு. உடைத்துக் கொடுத்தால்தான் வார்ப்புப் பட்டறையில் எடுப்பார்கள். காலையில் இட்லி தின்றுகொண்டே சொன்னான். உருண்டையில் விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை இருப்பதையும் சொன்னான். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் அவள் வெறுமனே ‘உம்’ கொட்டினாள்.

ஒன்பதாம் வகுப்பில் சரித்திரப் பாடம் நடத்தும்போதுதான் உறைத்தது.

முழு இரும்புக் குண்டு எதிரே நிற்கும் வரிசையை முறித்துப் போடும், அதோடு சரி. ஓட்டை உள்ளது அப்படியில்லை. உள்ளே கூடு, கூடு நிறைய வெடிமருந்து. பீரங்கி சுடும்போதே ஓட்டையில் செருகிய திரி பற்றிக்கொள்ளும். படையின் தலைக்கு மேலே போனதும் நெருப்பு மருந்தைத் தொடும். இரும்பு ஓடு சிதறி ஆட்களை அறுக்கும்.

வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டுக்கு இன்னும் ஒரு பொறி போதும்.

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அடிக்காதீங்க!”

சக்கரச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சம்மட்டி ஏறியது. ஒரு பெட்டி மறைத்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

ரயில் ஒருவழியாகப் போய் முடிந்தது.

முனிரத்தினம் நின்றுகொண்டுதான் இருந்தான். உருண்டை பிளந்து கிடந்தது. உள்ளிருந்து கரியைக் கரைத்த மாதிரி சேறு வழிந்தது. எந்தக் காலத்திலோ நீர் ஏறி ஊறிப்போன மருந்து.

அவள் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிப்போய் அந்தச் சேற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள்.

முனிரத்தினத்தின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது.

“இன்னொண்ணு கீதே வல்லி! அதுல தண்ணியே ஏறல, ஆட்டினா மணலாட்டம் சத்தம் கேக்குது. அடுப்புக்கு ஒரு கல்லு கொறையுதுன்னு நம்ம கடையாளு மாரி காலைலயே அனகாபுத்தூருக்கு எடுத்துகினு பூட்டான்.”

சுந்தரவல்லி எழுந்தாள். எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றாள்.

மாரி வீட்டில் இந்நேரம் அடுப்பு பற்றவைத்திருப்பார்கள்.