மறுபடியும் கல்லாறு

“ஓட்டிப் பாக்கறதுன்னா அதே ரோட்டுலதான் பாக்கணும். கல்லாறு வழி,” என்றார் அப்பா.

வெங்கிடேஷுக்குச் சுருக்கென்றது. திருவனந்தபுரம் வலியசாலை வீட்டிலிருந்து கிளம்பினால் கல்லாறு தவிர வேறு ரோடே கிடையாதா?

ஆசைப்பட்டு செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். போன ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றில் ஹீட் ஆகி, மிஸ்ஸிங் அடித்து, முக்கி முனகி நின்றுபோனது. நின்றதுதான் நின்றது, இடம் பார்த்து நின்றிருக்கக் கூடாதோ? சரியாக மாளவிகாவின் சாயாக்கடை வாசல்.

மாளவிகா அவன் தங்கை. வினீத்தைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன அன்று, “அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேனாக்கும்” என்று தெருவே கேட்கச் சொன்னவர் அப்பா. ஆறு வருஷமாக மிதிக்கவில்லை. போன வாரமும் அவள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டி குடித்தது. அப்பா இறங்கவே இல்லை. எதிரே இருந்த மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கல்லாறு எதுக்குப்பா?”

“மேடு ஏறினாத்தானேடா சரியாச்சான்னு தெரியும்?”

மேடாவது மண்ணாங்கட்டியாவது. அவள் கடை முன்னால் நின்ற அவமானம் தீர வேண்டும். இந்த வாரம் அவள் பார்க்க, நிற்காமல் கடந்து போக வேண்டும். பெற்ற பெண்ணிடம் இப்படி ஒரு வீம்பு.

வாரம் முழுக்க ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் படுத்திய பாடு தனி. பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாத மனிதர்.

“ஏண்டா சூடாச்சு?”

“தெர்மோஸ்டாட் மாட்டிண்டுடுத்துப்பா. தண்ணி சுத்தலை. மாத்திட்டேன்.”

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தார். “என் முட்டிக்கு மேல இருக்கே, இது என்ன பொட்டி?”

“ஃபியூஸ் பாக்ஸ். அந்தப் பச்சை, ஃபேனுக்கு. மெதுவாப் போறச்சே அதுதான் எஞ்சினைக் காப்பாத்தும்.”

“அந்த மிஸ்ஸிங்?”

“சூட்டுல காயில் மக்கர் பண்ணித்து. அதையும் மாத்தியாச்சு.”

“அப்போ இனிமே நிக்காதுங்கறே.”

“நிக்கவே நிக்காதுப்பா.”

நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். நெடுமங்காட்டில் வெங்கிடேஷ் பழம் வாங்க இறங்கினான். அப்பா வண்டியிலேயே இருந்தார். அதுவரை வண்டி வெண்ணெயாக ஓடியது.

விதுரை தாண்டியதும் பொன்முடிக்குப் போகிற கூட்டம். வண்டிகள் ஊர்ந்தன. டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறியது. மேட்டில் எஞ்சின் மறுபடி திக்க ஆரம்பித்தது. மாளவிகாவின் கடை கண்ணில் படவும், முள் சிவப்பைத் தொடவும் சரியாக இருந்தது. கடையைத் தாண்டினால் போதும் சாமி என்று வெங்கிடேஷ் வேண்டிக்கொண்டான்.

“நிறுத்துடா. எஞ்சின் போயிடும்,” என்றார் அப்பா.

நிறுத்தினான். “வெள்ளம் வேணோ ஏட்டா?” என்று வினீத் தண்ணீர் பக்கெட்டோடு ஓடி வந்தான். கடை வாசலில் மாளவிகா அப்படியே நின்றாள். வெங்கிடேஷுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மறுபடியும் அவளை அழவைக்கத்தான் வந்தது போல் ஆகிவிட்டதே.

பானெட்டைத் திறந்தான். அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“இந்த வெயில்ல வண்டிக்குள்ள எவன் உக்காருவான்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைப் படி ஏறினார்.

“காப்பி இருக்கா?”

“இருக்குப்பா.” மாளவிகா அவசரமாக டம்ளரைக் கழுவினாள்.

“சக்கரை...”

“கம்மியா. தெரியும்பா.”

வெங்கிடேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டான். தண்ணீர் ஒழுகவில்லை. மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டும் கொதித்தன. அப்படியானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. ஃபேன்தான் சுற்றவில்லை. வயரைத் தொடர்ந்து போய், அப்பா உட்கார்ந்திருந்த சீட்டின் முன்னால் குனிந்து ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தான்.

பச்சை ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

ஃபியூஸ் எரிந்து போகலாம். எழுந்து நடந்து போகுமா?

கடைக்குள் போனான். அப்பா இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து மாளவிகா அழுகையும் சிரிப்புமாக ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னடா கோளாறு? கண்டுபிடிச்சயா?” அப்பா நிமிராமலே கேட்டார்.

அவருடைய மெல்லிய வெள்ளைச் சட்டைப் பையில், மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில், பச்சையாகச் சின்னதாக ஏதோ தெரிந்தது.

வெங்கிடேஷ் அதைப் பார்த்தான். பிறகு அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“இல்லப்பா. பெரிய கோளாறாக்கும். வாரா வாரம் இங்கே கொண்டுவந்து ஓட்டிப் பாத்தாத்தான் பிடிபடும்.”