முப்பத்திரண்டாவது சுற்று

ஹவானாவில் தேசிய பாலே குழுவின் ஒத்திகை முடிந்ததும், முன்வரிசையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர் முகத்தைச் சுளித்தார்.

“முப்பத்திரண்டு சுத்து சுத்தணும். அந்தப் பொண்ணு முப்பத்தொண்ணோட நிறுத்திட்டா!”

இயக்குநர் ஒந்தினா விண்ணப்பத்தோடு அவரிடம் ஓடினாள். குழுவைப் பெரிதாக்க நிதி கிடைப்பது, அமைச்சகத்திலிருந்து வந்திருக்கும் புது அதிகாரி கையில்தான் இருந்தது.

“ஷூ பிஞ்சுபோச்சு, தோழரே! நிதி மட்டும் குடுங்க, அப்புறம் பாருங்க.”

“நிதியா? நான் வெறும் டிரைவருங்க. அதிகாரி அதோ, பின்னாடி.”

பின்வரிசையிலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தார். “யோவ் எலிசேயோ, முப்பத்திரண்டுதான்யா! ஒழுங்கா எண்ணத் தெரியாம பொண்ணக் குறை சொல்றியா?”

“பந்தயம் கட்டுறீங்களா?”

அதிகாரி ஒந்தினாவின் கையிலிருந்த நிதி விண்ணப்பத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். “இன்னும் இருபது பேரச் சேத்துக்குங்க, தோழர். எல்லாருக்கும் புது ஷூ. ஆனா அவ மறுபடி சுத்தணும், இந்த ஆளு முன்னாடி!”

முப்பத்தொன்றுதான் என்று ஒந்தினாவுக்குத் தெரியும். வாயைத் திறப்பாளா என்ன!