பெயரில்லாத அறிக்கை

"அம்மா, பொய் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்று அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

இன்று காலையும் அம்மா ஒரு பொய்யோடுதான் ஊர்க் குடிநீர் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். கொட்டும் மழை. மழைக்கோட்டு, முகக்கவசம், மோவாய் வரை பார்சல் பெட்டிகள். யாரோ ஒரு புண்ணியவான் தன் குடையைப் பெட்டிகளுக்குப் பிடித்து, தான் நனைந்தபடி பின்வாசலின் எண்பூட்டை அழுத்தி, கதவையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

கணினிகளில் எங்கே ஓட்டை என்று சோதிக்க மேலிடம் அனுப்பிய ஆள் அவள். மதியம் வேஷத்தைக் கலைத்துவிட்டு, பொறியாளர்கள் சூழ்ந்திருக்க மேலாளர் முன் அறிக்கையை வைத்தாள். என்ன வேஷம் என்பதை மட்டும் எழுதவில்லை.

படிக்கப் படிக்க மேலாளர் முகம் சிவந்தது. பிரிண்டரில் அவள் சொருகிய ஒரு சின்னக் கருவி. அதன் வழியே கட்டணப் பிரிவின் கணினிகள். அங்கிருந்து பம்ப் அறை. அவள் நினைத்திருந்தால் ஊரே தவித்த வாய்க்குத் தண்ணீரில்லாமல் நின்றிருக்கும்.

"உங்களை உள்ள விட்டது யாரு? பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன். இந்தாளுதானே?"

வாசல் காவலர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"அவர் இல்ல சார். அவர் முன்வாசல்ல இருந்தாரு. ரெண்டு வாசலுக்கு ஒரே ஆளு, பூட்டுக்கு ஊருக்கே தெரிஞ்ச ஒரே நம்பர். கேமரா கண்ணை மூடி ரெண்டு மாசமாச்சு. பிரிண்டரையும் பம்பையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கீங்க. எல்லாம் எழுதியிருக்கேன். பேரை மட்டும் எழுத மாட்டேன்."

"மேலிடத்துல புகார் பண்ணுவேன்!"

"தாராளமா பண்ணுங்க. கதவைத் திறந்தவங்க திருட்டுக்குத் துணை போகல, இரக்கப்பட்டாங்க. அதுக்கு வேலையைப் பறிச்சா, நாளைக்கு இங்க ஒருத்தரும் நடந்த தப்பை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. அதைவிடப் பெரிய ஓட்டை வேற இல்ல சார்."

மேலாளர் மேசையில் ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் இரண்டு தும்மல் வேறு வந்தது. காவலரின் உதடு துடித்தது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க!"

காவலரும் பொறியாளர்களும் போனதும் அவரே கதவைச் சாத்தினார். "இப்ப நாம ரெண்டு பேர்தான். எனக்கு மட்டும் சொல்லுங்கம்மா. யாரு அந்த மடையன்?"

அவள் கைப்பையைத் திறந்து, ஜலதோஷ மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து அவர் முன்னால் மெதுவாக வைத்தாள்.

"என் பெட்டிக்குக் குடை பிடிச்சுத்தானே சார் நனைஞ்சீங்க?"