இறங்கிய பிறகும் கேட்ட சத்தம்

ரிஸ்மா தனியாக ஓட்டிவந்த சின்னப் பயிற்சி விமானத்தில் பெட்ரோல் தீர்ந்தபோது, கீழே குலசேகரத்து ரப்பர் தோட்டங்கள்தான் தெரிந்தன. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மரங்களுக்கு நடுவே ஒரு மைதானம் கண்ணில் பட்டது. காற்றில் மிதந்தபடியே வந்து அதில் இறக்கிவிட்டாள்.

டீக்கடைக்காரர் செல்லசுவாமிதான் முதலில் ஓடிவந்தார். "மக்கா, ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்ல அண்ணாச்சி."

நடுங்கும் கையோடு கட்டுப்பாட்டு அறையை ரேடியோவில் கூப்பிட்டாள். "பத்திரமா இறங்கிட்டேன்."

"நீங்க இன்னும் இறங்கலையே மேடம்," என்றது அங்கிருந்த குரல், பொறுமையாக. "குலசேகரத்துக்கு மேல பறந்துட்டிருக்கீங்க. திரையில தெரியுது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது மேற்கிலிருந்து விமானச் சத்தம் கேட்டது. கூடியிருந்த எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெயிலடிக்கும் வானத்தில் எதுவும் இல்லை. சத்தம் மட்டும் நெருங்கி வந்தது. இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

இனி அது எங்கே இறங்கும் என்று ரிஸ்மாவுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, இத தள்ளணும்! எல்லாரும் ஓரமா போங்க!"

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் சேர்ந்து விமானத்தை மரங்களின் ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

மைதானத்தின் மறுமுனையில் செம்மண் புழுதி கிளம்பியது. நடுவரைக்கும் ஓடிவந்து அடங்கியது. அங்கே ஒன்றும் இல்லை.

"ஏட்டி, போவாதே!" என்று செல்லசுவாமி கத்தினார்.

ரிஸ்மா போனாள். புழுதிக்குள் நின்று, யாரையோ இறக்கிவிடுவதுபோல் கையை நீட்டினாள். நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கை அதை இறுகப் பற்றிக்கொண்டது.