நைஸான கோழி

குலுக்கல் மேசையின் முன்வரிசையில், ஷெர்ரி ஒயின் பாட்டிலுக்கும் குளியல் சோப்புக்கும் நடுவே, இமோஜென் போன கிறிஸ்துமஸுக்கு மாமியாருக்குக் கொடுத்த பீங்கான் கோழி உட்கார்ந்திருந்தது.

முட்டை போட்டு வைக்கிற கோழி. முதுகைத் தூக்கினால் உள்ளே ஒரு டஜன் அடங்கும். ஒரு கண் மட்டும் லேசாக மாறுகண்.

சந்தேகமே இல்லை. அதே கோழிதான்.

மேசைக்குப் பின்னால் மாமியார் ஹெஸ்டர், முத்துமாலைக்கு மேல் 'விழாக்குழுத் தலைவி' என்ற பட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, சீட்டுப் பீப்பாயைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வேண்டாத பரிசைத் தேவாலயத் திருவிழாவின் குலுக்கலுக்குத் தள்ளிவிடுவது அந்த ஊரில் தப்பே இல்லை. அப்படித் தள்ளுவதற்காகவே எல்லார் வீட்டிலும் ஓர் அலமாரி உண்டு. ஆனால் கொடுத்தவர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது. விவாகரத்தை மன்னிப்பார்கள். குடித்துவிட்டுக் கல்லறைச் சுவரில் காரை மோதியதைக்கூட மன்னித்திருக்கிறார்கள். இதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

மாட்டினாயா, என்று நினைத்துக்கொண்டாள் இமோஜென்.

அதுவும் இன்றைக்குப் பார்த்து. டீ முடிந்ததும் புதுத் தலைவியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். முட்டிவலி என்று ஹெஸ்டர் இறங்குகிறாள். ஆனால் அவள் யாரைக் கை காட்டுகிறாளோ அவருக்குத்தான் எல்லாக் கையும் உயரும். அந்தப் பட்டைக்கும், கூடாரம் வைக்கும் கொட்டகையின் சாவிக்கும், யார் வீட்டுக் கேக் முன்மேசைக்கு வரும், யாருடையது ஜாம் பாட்டிலுக்குப் பின்னால் ஒளியும் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமைக்கும் இமோஜென் கல்யாணமான நாளிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் கேட்டும் பார்த்தாள். தான் நின்றால் எப்படி இருக்கும் என்று.

"நைஸா இருக்கும், கண்ணு" என்றாள் ஹெஸ்டர்.

முடிந்தது கதை.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் ஹெஸ்டர் ஊரையே ஆண்டாள். மழை விட்டால் நைஸ். டீ சூடாக இருந்தால் நைஸ். செத்துப்போனவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே அகப்படாவிட்டால், நைஸான மனுஷன். இதெல்லாம் ஊருக்கு. இமோஜெனுக்கென்று தனியாக ஒரு நைஸ் இருந்தது. குட்டையாக, தட்டையாக, பெட்டியை மூடுகிற மாதிரி. அவள் தைத்த திரைச்சீலைக்கு அது விழுந்தது. அவள் சமைத்த ஆட்டுக்கறிக்கு விழுந்தது. பிள்ளைக்கு அவள் வைத்த பெயருக்கும் விழுந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காகிதத்தைப் பிரித்து, கோழியைக் கையில் எடுத்து, அதன் மாறுகண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டும் ஹெஸ்டர் அதையேதான் சொன்னாள். வழக்கத்தைவிட நிதானமாக.

இத்தனைக்கும் இமோஜென் யோசிக்காமல் கொடுக்கவில்லை. ஹெஸ்டரின் சமையலறையில் ஒரு பீங்கான் சேவல் ஒண்டியாக நிற்கிறதே, அதற்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தாள்.

அவள் பையைத் திறந்து ஒரு சீட்டு வாங்கினாள். ஒன்றும் விழவில்லை.

இன்னொன்று. டின் பீச் பழம்.

இன்னொன்று. சோப்பு. அப்புறம் ஷெர்ரி. அப்புறம் கழிப்பறைக் காகிதச் சுருளுக்குப் போர்த்தும் கம்பளிப் பாவாடை.

அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டது. விழாக்குழுப் பெண்கள் எல்லோரும் அதில் நின்றார்கள். நல்லதாகப் போயிற்று, எல்லோரும் இருக்கட்டும்.

"இன்னுமா, கண்ணு?" என்றாள் ஹெஸ்டர். "மேசையைத் தூக்கிக் காருல வச்சிடச் சொல்லட்டுமா?"

வரிசை சிரித்தது. இமோஜெனும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தாள். பீப்பாய்க்குள் கையை விட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

கோழி விழுந்தது.

அவள் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். பித்தளை வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

"ஐயோ, ஹெஸ்டர்! இது நான் உங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஆசை ஆசையாக் கொடுத்ததாச்சே!"

பாதிரியார் வாய்வரைக்கும் கொண்டுபோன கேக் அங்கேயே நின்றது. வரிசையில் யாரோ ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். அது இமோஜெனின் காதில் பட்டாபிஷேக மணி மாதிரி விழுந்தது.

ஹெஸ்டர் பதறவில்லை. மேசைவிரிப்பில் இருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"ஆமாம், கண்ணு. நான் உன் கல்யாணத்துக்குக் கொடுத்ததும் இதுதான். ஜோடியா வாங்கினேன். சேவலை வச்சுக்கிட்டுக் கோழியை உனக்குக் கொடுத்தேன். பிரிச்சுப் பார்த்துட்டு நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னே, ஞாபகம் இருக்கா?"

இமோஜென் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரி, யார் கொடுத்தது என்று எழுதி ஒட்டாத அத்தனை பெட்டிகளோடும், அவள் கண்முன் திறந்துகொண்டது. தூக்கிய கை அப்படியே நின்றது.

அது என்ன வார்த்தை என்று வரிசையில் யாரும் கேட்கவில்லை.

ஹெஸ்டர் பீப்பாயை மறுபடி சுற்றினாள்.

"சரி, அடுத்தது யாரு?" என்றாள், இமோஜெனைத் தாண்டிப் பார்த்து.