வாய் திறக்காத ஆபீஸ்

நெரிடா டீ ரூமுக்குள் காலை வைத்ததும் பேச்சு சட்டென்று நின்றது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஃபெர்கஸ் பாதி டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெளியே நடந்தான். மற்ற இருவரும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள். இத்தனைக்கும் ஃபெர்கஸ் அந்த ஆபீசின் ஓட்டைவாய். லிஃப்ட்டில் முன்பின் தெரியாதவரிடம்கூட மாமியார் கதையை அவிழ்த்துவிடுவான்.

"ஒரு குட் மார்னிங் சொன்னா சொத்தா குறைஞ்சுடும்?" என்று காலி நாற்காலிகளிடம் கேட்டாள் நெரிடா.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்தருகே எதிரெதிரே இரண்டு வக்கீல் ஆபீஸ்கள். நெரிடா ஒன்றை விட்டு மற்றதில் சேர்ந்திருந்தாள். சம்பளம் கூடுதல், நாளைக்குப் பங்குதாரர் ஆகும் வாய்ப்பும் உண்டு.

ஒரே ஒரு சிக்கல். ஒரு மீன்பண்ணைக் கம்பெனிக்கும் மீனவர்களுக்கும் வழக்கு. பழைய ஆபீஸ் கம்பெனி பக்கம், புது ஆபீஸ் மீனவர் பக்கம். கம்பெனியின் ரகசியமெல்லாம் நெரிடாவுக்குத் தெரியும். அதனால் அந்த வழக்கைத் தொடமாட்டேன், அதைப் பற்றி மூச்சுவிடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்தாள். வக்கீல்கள் இடம் மாறும்போது இது சகஜம்.

ஆரம்பத்தில் எல்லோரும் நன்றாகத்தான் பழகினார்கள். வெள்ளிக்கிழமை பியருக்குக்கூடக் கூப்பிட்டார்கள். பிறகு யார் கண் பட்டதோ, ஒரு திங்கட்கிழமை ஆபீசே அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டது. வேலையெல்லாம் மெயிலில் வந்தது. அவளைக் கண்டால் ஆட்கள் மாடிப்படி பக்கம் திரும்பினார்கள்.

பிறந்தநாளன்று அவள் மேஜையில் ஒரு துண்டு கேக் இருந்தது. வைத்தது யார் என்று தெரியவில்லை. மிச்சம் மீதியைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று அதைக் குப்பையில் போட்டாள்.

வீட்டிலும் பேச ஆளில்லை. மகள் மெல்போர்னில் படிக்கிறாள். சில நாட்களில் நெரிடாவோடு பேசியது சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் மெஷின் ஒன்றுதான். அதற்கு அவள் நன்றிகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஆறுதல் என்றால் பழைய முதலாளி மால்கம்தான். தவறாமல் போன் செய்வார். வழக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அப்படி ஒரு கண்ணியம்.

அன்று மத்தியானமும் கூப்பிட்டார்.

"என்னம்மா, இப்பவாவது யாராவது பேசுறாங்களா?"

"ஒரு ஈ காக்கா பேசல, மால்கம்."

"ஒருத்தர்கூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த வாயாடி ஃபெர்கஸ்?"

"அவன்தான் முதல் ஆளா எழுந்து ஓடுறான்."

"சே, மனுஷங்களா இவங்க? நீ இங்கேயே வந்துடும்மா. உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு."

போனை வைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. பேசாமல் போய்விடலாம். கெட்ட பேர் வந்தாலும் வரட்டும், தனியாக உட்கார்ந்து சாவதற்கு அது மேல். நேரே புது முதலாளி டங்கன் அறைக்குப் போனாள்.

"டங்கன், நான் வேலையை விடுறேன். பதில் சொல்லமாட்டீங்கன்னு தெரியும். தலையை ஆட்டினாப் போதும்."

"முதல்ல உட்காரு, நெரிடா."

அந்தக் குரலைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வழக்கு இப்பத்தான் முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் சமாதானம் ஆயிட்டாங்க. இனி பேசலாம்."

"வழக்கைப் பத்திப் பேசக்கூடாது, சரி. மழை வெயிலைப் பத்திக்கூடவா பேசக்கூடாது? நான் என்ன பேயா பிசாசா?"

"நீ வந்த புதுசுல கோர்ட்ல ஒரு மனு விழுந்துச்சு. நீ இங்க இருந்தா ரகசியம் கசியும், உன்னை வேலையை விட்டு அனுப்பணும்னு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"அதுவும் அந்த வழக்குல சேர்த்திதானே? எப்படிச் சொல்றது?" டங்கன் பெருமூச்சு விட்டார். "உன்னை அனுப்ப இங்க யாருக்கும் மனசு வரல. வழக்கு முடியுறவரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டோம்னு ஆபீஸ் மொத்தமும் ஜட்ஜ்கிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்தோம். யாராவது ஒருத்தர் வாய் தவறினாலும் உன் வேலை போயிடும். ஃபெர்கஸுக்குத் தன் வாய் மேல நம்பிக்கை இல்ல. அதான் உன்னைப் பாத்தாலே ஓட்டம்."

நெரிடா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். வெட்கமா, நிம்மதியா, அவளுக்கே தெரியவில்லை.

"அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு என்மேல இவ்வளவு ஆத்திரமா?" என்றாள். "நல்லவேளை, மால்கமாவது இருந்தார். இங்க யாராவது பேசுறாங்களான்னு வாரம் தவறாம விசாரிப்பார். அவர் ஒருத்தர்தான் எனக்கு ஆறுதல்."

டங்கன் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கம்பெனிக்காரங்க உன் பேச்சையே எடுக்கல, நெரிடா. உன்னை வெளியே தள்ளணும்னு ஜட்ஜ் முன்னாடி நின்னு வாதாடினதே மால்கம்தான்."